121 தோல்வி: தோற்ற பேஸ்பால் சீசனைக் கூறுபோட்டுப் பார்க்கும் முறை

2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 162 ஆட்டங்களில் 41-ஐ வென்று 121-இல் தோற்றது. 1900-க்குப் பிறகு மேஜர் லீக் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீக்) அணி ஒன்று ஒரே சீசனில் இத்தனை ஆட்டம் தோற்றதில்லை. 1962-இல் நியூயார்க் மெட்ஸ் தோற்ற 120 தான் அதுவரை அடிமட்டம். (1899-இல் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் 134 தோற்றது. அந்த அணியின் முதலாளிகள் செயின்ட் லூயிஸில் இன்னோர் அணியை வாங்கி, நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அங்கே மாற்றிவிட்டார்கள். அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

இப்படி ஒரு சீசன் முடிந்ததும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: அணி உண்மையில் எவ்வளவு மோசம், எந்த இடத்தில் உடைந்தது, அடுத்த ஆண்டு எதை எதிர்பார்க்கலாம். விடை காண ஓர் எக்செல் தாளும், பேஸ்பால் ரெஃபரன்ஸ் அல்லது ஃபேன்கிராஃப்ஸ் தளத்தில் அந்த அணியின் சீசன் பக்கமும் போதும்.

முதலில் ரன், பிறகுதான் வெற்றி தோல்வி

எடுத்த ரன், விட்ட ரன் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒயிட் சாக்ஸ் எடுத்தது 507, விட்டது 813. வித்தியாசம் மைனஸ் 306. ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு இது நெட் ரன் ரேட்டை நினைவுபடுத்தும். ஆனால் மேஜர் லீகில் சமநிலையை உடைக்க ரன் வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. நோயைக் கண்டறிய மட்டுமே அது உதவும்.

இந்த இரண்டு எண்களிலிருந்து 'வந்திருக்க வேண்டிய வெற்றி'யைக் கணக்கிடலாம். விட்ட ரன்னை எடுத்த ரன்னால் வகுத்து, வந்ததை 1.83 அடுக்குக்கு உயர்த்தி, 1 கூட்டி, 162-ஐ அதால் வகுக்க வேண்டும். ஒயிட் சாக்ஸுக்கு 48 வருகிறது. அடுக்கை 2 என்று வைக்கும் பழைய சூத்திரத்தில் 45. பலர் இரண்டையும் கலந்து போட்டு, ஓர் அணிக்கு 1.83-உம் இன்னோர் அணிக்கு 2-உம் வைத்து ஒப்பிடுகிறார்கள். எதை எடுத்தாலும் எல்லா அணிக்கும் அதையே வையுங்கள். மனக்கணக்குக்கு ஒரு சுருக்கு வழி: 10 ரன்னுக்கு ஒரு வெற்றி. 306-ஐப் பத்தால் வகுத்து, 162-இல் பாதியான 81-இலிருந்து கழித்தால் 50. அதற்கும் உண்மையான 41-க்கும் நடுவே இருக்கும் இடைவெளியே ஒரு தகவல்தான்.

கணக்குக்கும் நடப்புக்கும் நாலைந்து வெற்றி முன்பின் இருப்பது சகஜம். ஏழு என்றால் இரண்டு காரணங்களைத் தேட வேண்டும். ஒன்று அதிர்ஷ்டம். மற்றது புல்பென்: கடைசி இன்னிங்ஸ்களில் வரும் பிட்ச்சர்கள் (பந்து வீசுபவர்கள்) மோசமாக இருந்தால், ஒரு ரன் முன்னிலைகள் கைநழுவிக்கொண்டே இருக்கும். ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களைத் தனியாக எடுத்து, அவற்றில் எத்தனை ஏழாவது இன்னிங்ஸுக்குப் பிறகு கைமாறின என்று எண்ணுங்கள். பெரும்பாலானவை அப்படியென்றால் வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ரன்னைப் பார்க்காமல் தோல்வியை மட்டும் எண்ணினால் எவ்வளவு ஏமாறலாம் என்பதற்கு 2025-இன் கொலராடோ ராக்கீஸ் சாட்சி. 43-119 (43 வெற்றி, 119 தோல்வி), ஒயிட் சாக்ஸின் சாதனையைத் தொடவில்லை. ஆனால் எடுத்தது 597, விட்டது 1021. மைனஸ் 424 என்பது 1900-க்குப் பிந்தைய எந்த அணிக்கும் இல்லாத பள்ளம். சூத்திரப்படி அவர்களுக்கு 44 வெற்றி. ஆக, தோல்விப் பட்டியலில் ஒயிட் சாக்ஸ் கீழே. ரன் கணக்கில் ராக்கீஸ்தான் கீழே. இரண்டில் எதை நம்புவது என்றால், தயங்காமல் ரன்னைத்தான்.

பள்ளத்தை இரண்டாகப் பிரியுங்கள்

2024-இல் ஒரு சராசரி அணி ஆட்டத்துக்கு 4.4 ரன் அளவில், சீசனுக்கு ஏறக்குறைய 710 எடுத்தது. அந்த 710-ஐ நடுக்கோடாக வையுங்கள். மட்டையால் இழந்தது 710 கழித்தல் 507, அதாவது 203. பந்துவீச்சும் ஃபீல்டிங்கும் சேர்ந்து இழந்தது 813 கழித்தல் 710, அதாவது 103. மூன்றில் இரண்டு பங்கு பழி மட்டைக்கு. ஒயிட் சாக்ஸ் பற்றி இந்த ஒரு வரி தெரிந்தாலே பாதி ஆய்வு முடிந்த மாதிரி.

இங்கே ஓர் எச்சரிக்கை. ராக்கீஸின் ஊரான டென்வர் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரம். மெல்லிய காற்றில் பந்து அதிக தூரம் பறக்கும், வளைவு குறையும். அதனால் ராக்கீஸுக்கு இதே பிரிப்பைப் போட்டால் பிட்ச்சர்கள் இருப்பதைவிட மோசமாகவும் மட்டைக்காரர்கள் இருப்பதைவிட நல்லவர்களாகவும் தெரிவார்கள். அங்கே மைதானத்துக்கு ஏற்பத் திருத்திய எண்களைத்தான் எடுக்க வேண்டும். ரன் வித்தியாசத்தை மைதானம் அவ்வளவாகக் குலைக்காது. இரு அணிகளும் ஆடுவது அதே காற்றில்தான்.

மட்டைப் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஓபிபி, அதாவது மட்டையைப் பிடித்தவர் அவுட்டாகாமல் பேஸுக்குப் போய்ச் சேரும் விகிதம். ஒயிட் சாக்ஸுக்கு .278, லீக் சராசரி .312. நூறு பேர் மட்டையைப் பிடித்தால் மூன்று, நான்கு பேர் குறைவாகப் பேஸில் நிற்கிறார்கள் என்றால் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் ஒரு சீசனில் அணிக்கு ஆறாயிரம் வாய்ப்புகள். பேஸில் ஆளில்லாத நேரத்தில் அடித்த ஹோம் ரன்னும் ஒரு ரன்தான் தரும். அந்த ஹோம் ரன்னும் 133 தான். லீக் சராசரி 180-க்கு மேல். பேட்டிங் ஆவரேஜ் (வாக்கைச் சேர்க்காமல், அடித்துப் பேஸுக்குப் போகும் விகிதம்) .221 என்பதைக் கடைசியில் பாருங்கள். அது அதிகமாகக் கத்தும், குறைவாகச் சொல்லும்.

பிட்ச்சர்களுக்கு ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்ச்சர் தன் பொறுப்பில் விட்ட ரன்) மட்டும் போதாது, ஃபீல்டிங்கைச் சாராமல் பிட்ச்சரை அளக்கும் ஃபிப் வேண்டும். ஹோம் ரன்னை 13-ஆல் பெருக்குங்கள். வாக்கையும் (நான்கு தவறான பந்துகளால் மட்டைக்காரர் பேஸுக்குப் போவது) உடம்பில் பட்ட பந்தையும் கூட்டி 3-ஆல் பெருக்கி அதோடு சேருங்கள். ஸ்ட்ரைக்அவுட்டை (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டைக்காரர் அவுட்டாவது) 2-ஆல் பெருக்கிக் கழியுங்கள். வந்ததை இன்னிங்ஸால் வகுத்து, 3.1 அளவிலான அந்த ஆண்டின் மாறிலியைக் கூட்டுங்கள். எக்செலில் எல்லாரும் வழுக்கும் இடம் இன்னிங்ஸ்தான்: 146.1 என்றால் 146-உம் மூன்றில் ஒன்றும். அதை 146.33 என்று மாற்றாவிட்டால் கணக்கு லேசாகக் கோணும். ஈஆர்ஏ ஃபிப்பை விட வெகு அதிகம் என்றால் ஃபீல்டிங்கையும் துரதிர்ஷ்டத்தையும் சந்தேகியுங்கள்.

பிட்ச்சரின் தனிப்பட்ட வெற்றி தோல்வி, தோற்கும் அணியில் பைசாவுக்குப் பெறாது. கேரட் குரோஷே 2024-இல் 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், ஈஆர்ஏ 3.58, ஃபிப் 2.69. அவர் கணக்கில் 6 வெற்றி, 12 தோல்வி.

நாட்காட்டியை எங்கே வெட்டுவது

சீசனை மூன்று நான்கு துண்டாக வெட்டினால்தான் எப்போது உடைந்தது என்று தெரியும். ஒயிட் சாக்ஸ் தொடக்கமே 3-22. ஜூலை 10-இல் நடந்த இரண்டு ஆட்டங்களில் முதலாவது முடிந்தபோது 27-67. அன்றைய இரண்டாவது ஆட்டத்திலிருந்து ஆகஸ்ட் 5 வரை 21 தொடர் தோல்வி. 1988-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் வைத்த அமெரிக்கன் லீக் (மேஜர் லீகின் இரு பாதிகளில் ஒன்று) சாதனைக்குச் சமம். இதற்கு நடுவே, அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாளான ஜூலை 30 டிரேட் கெடு வந்தது. எரிக் ஃபெடி, டாமி ஃபாம், மைக்கேல் கோபெக், எலோய் ஹிமெனெஸ் எல்லாரும் வெளியேறினார்கள். ஆகவே கெடுவுக்கு முன், பின் என்று ஒரு வெட்டு கட்டாயம். கெடுவுக்குப் பின் ஆடிய அணி பெயரளவில்தான் அதே அணி.

மேலாளர் மாற்றத்தை வைத்து வெட்டும்போது கவனம் தேவை. பெட்ரோ கிரிஃபோல் ஆகஸ்ட் 8-இல் நீக்கப்பட்டபோது 28-89. இடைக்கால மேலாளர் கிரேடி சைஸ்மோர் 13-32. விகிதமாகப் பார்த்தால் .239-இலிருந்து .289-க்கு உயர்வு, புது மேலாளர் வந்ததும் அணி தேறியது போல இருக்கும். கடைசி ஆறு ஆட்டங்களை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள்: 8-31. அந்த ஆறில் ஐந்தை வென்றார்கள். மூன்று, அந்த ஆண்டு 99 தோற்ற லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸிடம். இரண்டு, பிளேஆஃப் (சீசன் முடிந்ததும் கோப்பைக்கு நடக்கும் சுற்று) இடத்தை முந்திய இரவே உறுதி செய்துவிட்ட டெட்ராய்ட் டைகர்ஸிடம். செப்டம்பர் வெற்றிகளை எடைபோடும்போது எதிரணிக்கு அந்த ஆட்டம் தேவைப்பட்டதா என்று கேட்பது நல்லது.

அணி எப்போது கணக்குப்படி வெளியேறும் என்பதற்கு: 163-இலிருந்து உங்கள் டிவிஷனில் (ஐந்து அணிகள் கொண்ட பிரிவில்) முதலிடத்து அணியின் வெற்றிகளையும் உங்கள் அணியின் தோல்விகளையும் கழியுங்கள். பூஜ்யம் வந்தால் டிவிஷன் போச்சு. வைல்ட் கார்டுக்கு (டிவிஷனை வெல்லாத அணிகளுக்கான பிளேஆஃப் இடம்), கடைசி வைல்ட் கார்டு இடத்தில் இருக்கும் அணியின் வெற்றிகளைப் போடுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு என்ன மிச்சம்

படுகுழியில் விழுந்த அணி மறு ஆண்டு கொஞ்சமாவது மேலே வரும், அது இயல்பு. ஒயிட் சாக்ஸ் 2025-இல் 60-102. இதை மட்டும் வைத்து நிர்வாகத்தைப் புகழ வேண்டாம். கான்சஸ் சிட்டி ராயல்ஸ் வேறு கதை: 2023-இல் 56-106, ஆனால் 676 எடுத்து 859 விட்டதால் சூத்திரம் சொன்னது 64. அதாவது அணி பட்டியலில் தெரிந்த அளவு மோசமில்லை. அந்தக் குளிர்காலத்தில் சேத் லூகோ, மைக்கேல் வாக்கா என்று பிட்ச்சர்களுக்குப் பணம் போட்டார்கள். 2024-இல் 86-76, பிளேஆஃப்.

கடைசி இடம் பிடித்தால் டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதல் ஆள் கிடைப்பார் என்ற நினைப்பு இப்போது செல்லாது. 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல். மிக மோசமான மூன்று அணிகளுக்கும் முதல் இடத்துக்கான வாய்ப்பு தலா 16.5 சதவீதம்தான். வருவாய்ப் பகிர்வில் (வருவாய் அதிகமுள்ள அணிகள் மற்றவற்றுக்குப் பங்கு தரும் ஏற்பாடு) பணம் கொடுக்கும் அணி தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் குலுக்கல் இடம் பெற முடியாது. 2024-இல் ஐந்தாவது இடத்தில் தேர்ந்தெடுத்திருந்ததால் ஒயிட் சாக்ஸ் இந்த விதியில் மாட்டியது. 121 தோற்றும் 2025-இல் அதற்குக் கிடைத்தது பத்தாவது இடம்.

ரூல் 5 டிராஃப்டில் குலுக்கல் கிடையாது, வரிசை தலைகீழ்ப் பட்டியல்தான். வேறு அணி தன் 40 பேர் பட்டியலில் சேர்க்காமல் விட்ட ஆட்டக்காரரை 1,00,000 டாலருக்கு எடுக்கலாம். மறு சீசன் முழுக்க 26 பேர் பட்டியலில் வைத்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. வெல்லும் அணிக்கு அந்த ஓர் இடம் பாரம். தோற்கும் அணிக்கு அங்கே இழக்க எதுவுமில்லை. 2024 டிசம்பரில் ஒயிட் சாக்ஸ் முதல் தேர்வாக மில்வாக்கியிடமிருந்து ஷேன் ஸ்மித் என்ற பிட்ச்சரை எடுத்தது. 2025-இல் அவர் லீகின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்.