செங்குத்து ஜிக்கிங்: ஆழ்கடலில் உலோக ஜிக்கை இறக்கி மீன் பிடிக்கும் முறை

செங்குத்து ஜிக்கிங் என்பது, ஈயத்தாலோ டங்ஸ்டனாலோ வார்த்த உலோகப் போலி இரையான ஜிக்கைப் படகுக்கு நேர் கீழே கடலடி வரை இறக்கி, அங்கிருந்து ராடின் (தூண்டில் கோல்) அசைவாலும் ரீலின் (நூல் சுற்றும் கருவி) சுற்றாலும் படிப்படியாக மேலே கொண்டுவந்து மீனைக் கடிக்கச் செய்யும் முறையாகும். பாறைக்கு அருகே வாழும் களவா, செப்பிலி, விளமீன் ஆகியவையும் நடுநீரில் இரைதேடும் பாரை, சூரை, வஞ்சிரம் ஆகியவையும் இதற்கு வசப்படும். புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் ஜிக்கை மேலே இழுப்பதிலேயே முழுக் கவனத்தையும் செலுத்துகிறார்கள். ஆனால் கடிகளில் கணிசமானவை ஜிக் விழும் நேரத்தில் கிடைப்பவை. ஆகவே ராடானாலும் நூலானாலும் ஜிக்கானாலும், கீழே ஜிக் விழுவதை மேலே நிற்பவர் கைக்கு எவ்வளவு தெளிவாக உணர்த்தும் என்பதைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இம்முறையில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. வேக ஜிக்கிங்கில் ஜிக் இடைவிடாமல் மேல்நோக்கிப் பாய்கிறது. தப்பி ஓடும் இரையைத் துரத்தும் பாரை, சூரை போன்றவற்றை அது எளிதில் தூண்டிவிடும். ஜப்பானில் உருவாகிப் பிற நாடுகளுக்குப் பரவிய ஸ்லோ பிட்ச் முறையிலோ, வளைந்த ராட் நிமிரும் விசையில் ஜிக் சற்றே எம்பிப் பக்கவாட்டில் படுத்து, பிறகு தளர்ந்த நூலில் உதிரும் இலையைப் போல அலைந்து விழுகிறது. துரத்த மனமில்லாமல் பாறையை ஒட்டிக் கிடக்கும் மீனுக்கு இதுவே ஏற்றது. ஒரே ஒரு ராடுதான் வாங்க முடியும் என்ற நிலையில் இருப்பவருக்கு நடுத்தர வலுவுள்ள ஸ்லோ பிட்ச் ராடையே பரிந்துரைப்பேன். வேக ஜிக்கிங் அரை மணி நேரத்தில் தோளைக் களைக்க வைத்துவிடும். களைத்த கையால் கடியை உணர முடியாது.

ஜிக்கின் எடையை ஆழத்தையும் நீரோட்டத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு 2 முதல் 3 கிராம் என்பது தொடங்குவதற்கு நல்ல கணக்கு. அதன்படி 60 மீட்டர் ஆழத்தில் 120 முதல் 180 கிராம் வரையிலான ஜிக் பொருந்தும். நீரோட்டம் வலுவாக இருந்தாலோ படகு விரைவாக நகர்ந்தாலோ எடையைக் கூட்ட வேண்டும். நீர் அசையாமல் நின்றால் குறைக்கலாம். தரை தட்டியதைத் தெளிவாக உணர முடிகிற மிகக் குறைந்த எடையே எப்போதும் சிறந்தது, ஏனெனில் தேவைக்கு மேல் கனமான ஜிக் அலையாமல் நேராக விழுந்துவிடும்.

எடைக்கு இணையாக வடிவமும் முக்கியம். நீண்டு ஒடுங்கி அடிப்பகுதியில் கனம் கூடிய ஜிக்குகள் நீரை வெட்டிக்கொண்டு விரைந்து இறங்குவதால் ஆழமான இடத்துக்கும் வேக இழுப்புக்கும் உதவுகின்றன. நடுவில் கனம் அமைந்த அகன்ற ஜிக்குகள் கிடைமட்டமாகப் படுத்து மெதுவாக அலையும் என்றாலும், வேகமான நீரோட்டத்தில் அவை நெடுந்தொலைவு அடித்துச் செல்லப்படும். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், டங்ஸ்டனுக்கு 19.3 கிராம், இதனால் அதே எடையில் டங்ஸ்டன் ஜிக் மிகச் சிறியதாக அமைகிறது. மீன்கள் பொடி இரையைத் தின்றுகொண்டிருக்கும் நாளில் அதன் கூடுதல் விலைக்குப் பயன் உண்டு. மற்ற நாளில் ஈயமே போதும். நிறத்தைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. சிவப்பு ஒளியை நீர் முதலில் உறிஞ்சிவிடுவதால் ஆழத்தில் சிவப்பு ஜிக் கருமையாகவே தெரியும். வெள்ளி நிறத்தில் ஒன்றும் இருளில் ஒளிரும் பூச்சுள்ள ஒன்றும் கையில் இருந்தால் தொடங்குவதற்குத் தடையில்லை.

நூல் விஷயத்தில் சமரசம் கூடாது. நைலான் தங்கூசி நீளும் தன்மை கொண்டது. 60 மீட்டர் ஆழத்தில் ராட் கொடுக்கும் அசைவில் பெரும்பகுதியை அந்த நீட்சியே விழுங்கிவிடும், கீழே நிகழும் கடியும் மேலே வந்து சேராது. எனவே பல இழைகளைப் பின்னிய, ஏறக்குறைய நீளாத பிரெய்டு நூலே இதற்கு உரியது. அதன் தடிமன் பிஇ எண்ணால் குறிக்கப்படுகிறது. நடுத்தர மீன்களுக்கு பிஇ 1.5 முதல் பிஇ 3 வரை போதுமானது. பெரும் பாரைகளும் சூரைகளும் திரியும் இடத்தில் பிஇ 4 அல்லது அதற்கு மேலும் தேவைப்படலாம். பாதுகாப்புக்காகத் தடித்த நூலையே சுற்றிக்கொள்வது பலரின் வழக்கம்; ஆனால் தடித்த நூலை நீரோட்டம் அதிகமாகத் தள்ளும், ஜிக் படகுக்கு நேர் கீழே நிற்காது, அதைச் சரிசெய்யக் கனமான ஜிக் போட வேண்டிவரும். பத்து மீட்டருக்கு ஒருமுறை நிறம் மாறும் நூலை வாங்கினால், எத்தனை மீட்டர் இறங்கியிருக்கிறது என்பதைக் கண்ணால் எண்ணிவிடலாம். பாறையில் அறுந்து போகும் வாய்ப்பையும் கணக்கிட்டு, ஆழத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு நூல் ரீலின் ஸ்பூலில் (நூல் சுற்றியிருக்கும் உருளை) இருக்க வேண்டும்.

பிரெய்டு நூல் பாறையில் உரசினால் நொடியில் அறுந்துவிடும் என்பதால் அதன் முனையில் 3 முதல் 5 மீட்டர் நீளத்துக்கு உரசலைத் தாங்கும் ஃப்ளூரோகார்பன் லீடர் (முன்நூல்) சேர்க்கப்படுகிறது. இரண்டையும் இணைக்க எஃப்ஜி முடிச்சைக் கற்றுக்கொள்வது நல்லது, ஏனெனில் அதில் லீடர் மடிக்கப்படாமல் நேராகவே இருப்பதால் முடிச்சு மெலிதாக அமைந்து ராடின் வளையங்களில் சிக்காமல் ஓடும். பிரெய்டை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு, லீடரை மாறி மாறி மேலும் கீழுமாகக் கடத்தி இருபது சுற்று வரை பின்ன வேண்டும். ஓரிரு அரை முடிச்சுகளால் அதைப் பூட்டி, நீரால் நனைத்து, இரு பக்கமும் கையுறையோடு பலமாக இழுக்க வேண்டும். பின்னல் லீடருக்குள் கடித்து இறங்கும்போது அதன் நிறம் சற்றே கருத்துத் தெரியும். அப்படிக் கருக்காத முடிச்சு மீன் ஏறியதும் வழுக்கி உருவிக்கொள்ளும். தயங்காமல் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். கருத்த பிறகு லீடரின் மிச்ச நுனியை வெட்டி, பிரெய்டின்மீது சில அரை முடிச்சுகள் போட்டு முடிக்கலாம்.

லீடரின் மறுமுனை சாலிட் ரிங்கில் (பிளவில்லாத வளையம்) கட்டப்பட வேண்டும். அசிஸ்ட் ஹூக்கின் (குறுங்கயிற்றில் தொங்கும் தூண்டில் முள்) கயிறும் அதே சாலிட் ரிங்கில் இருக்கும். ஸ்பிளிட் ரிங் (பிரித்துத் திறக்கக்கூடிய வளையம்) ஒன்று அதை ஜிக்கோடு இணைக்கும். லீடரை நேரடியாக ஸ்பிளிட் ரிங்கில் கட்டினால் அதன் வெட்டுமுனை நூலை அறுத்துவிடக்கூடும். ஹூக்கின் வாய் ஜிக்கின் அகலத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லையெனில் முள் ஜிக்கையே கவ்விக்கொண்டு நிற்கும். வேக ஜிக்கிங்கில் மேலே ஒற்றை ஹூக் போதும். ஸ்லோ பிட்சில் மேலும் கீழும் இரட்டை ஹூக்குகள் வழக்கம். அவற்றைத் தொங்கவிட்டுப் பார்த்தால் மேல் ஹூக்கும் கீழ் ஹூக்கும் ஒன்றையொன்று தொடக்கூடாது. பாறை அதிகமான தரையில் கீழ் ஹூக்குகளைக் கழற்றிவிடுவது ஜிக்கைக் காப்பாற்றும். வஞ்சிரம், சீலா போன்ற கூரிய பல்லுடைய மீன்கள் இருக்குமிடத்தில் ஹூக்கின் கயிற்றோடு மெல்லிய கம்பி இழை சேர்ந்திருப்பது நல்லது.

ராடும் ரீலும் முறைக்கேற்ப மாறும். வேக ஜிக்கிங்குக்கு ஐந்தரை அடி அளவிலான உறுதியான ராடும் ராடின் கீழே தொங்கும் பெரிய ஸ்பின்னிங் ரீலும் பொருந்தும். ஸ்லோ பிட்சுக்கு ஆறு முதல் ஏழு அடி வரையிலான மெல்லிய ராடும் ராடின் மேலே அமரும், ஒடுங்கிய ஸ்பூல் கொண்ட ஓவர்ஹெட் ரீலும் ஏற்றவை, ஏனெனில் அவ்வகை ரீலில் இறங்கும் நூலைக் கட்டைவிரலாலேயே கட்டுப்படுத்த முடியும். டிராக்கை (மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக்) நூலின் அறுபடு வலிமையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வைக்க வேண்டும். 18 கிலோ தாங்கும் நூலுக்கு ஏறக்குறைய 4.5 முதல் 6 கிலோ. இதைக் கை உணர்வில் விடாமல் வில் தராசில் இழுத்துப் பாருங்கள். கையின் மதிப்பீடு பெரும்பாலும் தவறாகவே இருக்கும்.

இனி படகு. நங்கூரமிடாமல், பாருக்கு (கடலடிப் பாறைத் திட்டு) மேல்நீரோட்டப் பக்கத்தில் இயந்திரத்தை நிறுத்தி, படகு தானாகவே பாரைக் கடந்து மிதந்து செல்லும்படி விடுவதே பொதுவான வழி. ஒலி அலையால் கடலடியையும் மீனையும் காட்டும் ஃபிஷ் ஃபைண்டரில் 200 கிலோஹெர்ட்ஸ் அலை குறுகிய பரப்பை நுணுக்கமாகக் காட்டும். 50 கிலோஹெர்ட்ஸ் அகன்ற பரப்பையும் அதிக ஆழத்தையும் எட்டும். காற்று படகைத் தள்ளும்போது காற்று வரும் பக்கத்தில் நின்றால் நூல் படகுக்கு அடியில் சென்று சிக்காமல் விலகிச் செல்லும். நூல் 45 பாகைக்கு மேல் சாய்ந்துவிட்டால் ஜிக்கின் அசைவு கெட்டுவிடும். முழுவதும் சுற்றி எடுத்து மறுபடி இறக்குங்கள். காற்று வலுவாக இருந்தால் கடலில் விரியும் துணி நங்கூரம் படகின் ஓட்டத்தைக் குறைக்கும். நீரோட்டமே இல்லாத வேளையில் கடி குறைவது இயல்பு. கடல் ஏற்றவற்றத்தால் நீர் மறுபடி நகரத் தொடங்கும் நேரத்துக்குக் காத்திருப்பது பயன் தரும்.

ஜிக்கை இறக்கும்போது ஸ்பூலை விரலால் மெல்லத் தொட்டபடியே இருக்க வேண்டும். தரை தட்டியதும் நூல் திடீரெனத் தளரும். அந்நொடியே ரீலைப் பூட்டி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட வேண்டும், தாமதித்தால் பாறை ஜிக்கை விடாது. தரைக்கு இன்னும் பத்து மீட்டர் இருக்கும்போதே நூல் நின்றுவிட்டால், இறங்கும் ஜிக்கை மீன் எடுத்துவிட்டது என்று கொண்டு உடனே சுற்றுங்கள்.

வேக ஜிக்கிங்கில் ராடின் அடியை அக்குளில் செருகிக்கொண்டு, கைப்பிடியின் ஒவ்வொரு முழுச் சுற்றுக்கும் ஒரு தூக்கு என்ற தாளத்தைத் தவறாமல் பிடிக்க வேண்டும். ஸ்லோ பிட்சில் ராடின் நுனி கிடைமட்டத்துக்குச் சற்றுக் கீழே தொடங்கும். கைப்பிடியைக் கால் சுற்றோ அரைச் சுற்றோ சுற்றினால் ராட் வளைந்து நிமிரும், ஜிக் எம்பும். உடனே நுனியைத் தாழ்த்தி நூலைத் தளர விட வேண்டும். இப்போது கைகள் காத்திருப்பது ஜிக்கின் எடைக்காக. ஒவ்வொரு வீழ்ச்சியின் முடிவிலும் அந்த எடை ஏறக்குறைய ஒரே நேரத்தில் ராடின் நுனிக்குத் திரும்பும். அது வர வேண்டிய கணத்தில் வராமல் நூல் வெறுமையாக மிதந்தால், ஜிக்கை ஏதோ ஒன்று தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ராடை வானத்துக்கு உதறி இழுக்காமல், தளர்ச்சியை விரைந்து சுற்றி எடுத்து எடை ஏறும்வரை ரீலைச் சுழற்றுவதே முள்ளைப் பதிய வைக்கும். தரை மீன்களுக்கு அடியிலிருந்து 10 முதல் 15 மீட்டர் உயரம் வரையும், பாரை, சூரைக்கு 30 மீட்டர் வரையும் இப்படி இயக்கி, மறுபடி தரைக்கு இறக்கலாம்.

களவா ஏறினால் முதல் பத்து மீட்டரே போராட்டத்தைத் தீர்மானிக்கும். குகைக்குள் நுழைய இடம் கொடுக்காமல் சுற்ற வேண்டும். ஸ்லோ பிட்ச் ராடை உயர்த்தி வளைத்துப் போராடினால் அது ஒடியும். நுனியை நூலின் திசைக்குத் தாழ்த்தி ரீலின் பலத்தாலேயே மீனை ஏற்றுங்கள். மீன் மேற்பரப்புக்கு வந்ததும் நூலுக்கு நேரெதிரே யாரும் நிற்கக்கூடாது, முள் கழன்றால் ஜிக் குண்டு போலப் பாய்ந்து வரும். பாறையில் சிக்கிய நூலைக் கையில் சுற்றி இழுப்பதும் ஆபத்து. ஒரு மரக்கட்டையில் சுற்றி இழுக்க வேண்டும்.

விடுவிக்க எண்ணும் தரை மீன்களுக்குத் தனிக் கவனம் தேவை. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் நான்கு மடங்கு. அங்கிருந்து விரைந்து ஏறும் மீனின் காற்றுப்பையும் அதே அளவில் விரிய முற்படும். வாய்வழியே வயிறு பிதுங்கி நிற்கும் மீனைக் குத்திவிடாமல், எடை கட்டிய கவ்வியால் தாடையைப் பிடித்து ஆழத்துக்கு இறக்கி விடுவிப்பதே அதைப் பிழைக்க வைக்கும்.

கரைக்கு வந்ததும் டிராக்கை இறுக்கிவைத்து ரீலின்மேல் நன்னீரை மென்மையாகத் தெளித்துத் துடைத்து, உலர்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். பயன்படுத்திய ஜிக்குகளையும் ஹூக்குகளையும் நன்னீரில் ஊறவைத்து, நார் பிரிந்த அசிஸ்ட் கயிறுகளை மாற்றுங்கள். பிரெய்டின் முதல் சில மீட்டர்களை விரல்களுக்கிடையே ஓடவிட்டு, சொரசொரப்பு தட்டுப்படும் இடம் வரை வெட்டிவிட்டு அடுத்த பயணத்துக்கான லீடரை அன்றே கட்டிவைப்பது நல்லது, ஆடும் படகில் எஃப்ஜி முடிச்சு நேர்த்தியாக அமைவது கடினம்.