குறட்டை நிற்கும் இடத்தைக் கேளுங்கள்: ஸ்லீப் ஆப்னியாவை வீட்டிலேயே முன்கூட்டிக் கண்டுகொள்வது எப்படி

"படுத்தா போதும், அடுத்த நிமிஷம் குறட்டை. கொடுத்து வச்ச மனுஷன்!" இப்படிப் பெயர் வாங்கிய ஒருவர் பல வீடுகளில் இருப்பார். தலையணையில் தலை பட்டதும் தூங்கிப்போவது பெரும்பாலும் தூக்கத்துக்கு ஏங்கும் உடம்பின் அடையாளம். ஏழெட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தும் அந்த ஏக்கம் தீரவில்லை என்றால், இரவில் ஏதோ ஒன்று தூக்கத்தைக் கலைத்துக்கொண்டே இருக்கிறது. அப்படிக் கலைப்பவற்றில் முக்கியமானது ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கைச் சுற்றிய மென்சதையும் பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடும். நெஞ்சு இழுக்கும், காற்று போகாது. ஆக்சிஜன் குறைந்ததும் மூளை சில நொடி விழித்து, தசையை இறுக்கிப் பாதையைத் திறந்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். மூச்சு 10 நொடிக்குக் குறையாமல் நின்றால் அது ஒரு ஆப்னியா. கடுமையான நிலையில் இது மணிக்கு 30 முறைக்கு மேல் நடக்கும், காலையில் ஒன்றுகூட நினைவிருக்காது. ஆகவே தூங்குபவரை விசாரித்துப் பயன் குறைவு. பக்கத்தில் படுப்பவர், போன், தையல்காரரின் இஞ்ச் டேப், பிபி மெஷின் ஆகியவற்றைத்தான் கேட்க வேண்டும். இரண்டு வாரக் கவனிப்பு போதும்.

இரவுப் பதிவு

குறட்டை விடுகிற எல்லோருக்கும் ஆப்னியா கிடையாது. சீராக, ஒரே தாளத்தில் ரம்பம் அறுப்பதுபோல வரும் குறட்டை பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தொல்லை. கவனிக்க வேண்டியது தாளம் உடையும் இடம்: குறட்டை ஏறிக்கொண்டே போகும், சட்டென்று அறை அமைதியாகும், பத்து இருபது நொடி கழித்து ஒரு திமிறல், புரையேறியதுபோல ஒரு சத்தம், பிறகு மீண்டும் குறட்டை. அந்த அமைதியில் வீட்டார் "அப்பாடா, நின்னுடுச்சு" என்று திரும்பிப் படுப்பார்கள். நோய் இருப்பது அந்த அமைதிக்குள்தான்.

போனில் பதிவு செய்வது எளிது, கெடுவதும் எளிது. போனைத் தலையணை உயரத்தில், தலையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் தள்ளி, மைக் முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள். தலையணைக்கு அடியில் வைத்தால் துணி உரசல் மட்டுமே பதிவாகும், போனும் சூடேறும். ஏரோபிளேன் மோடில் போட்டு சார்ஜரில் செருகுங்கள். பேட்டரி சேமிப்பு அமைப்பு ஒலிப்பதிவுச் செயலியை நள்ளிரவில் நிறுத்திவிடும், அதை முன்பே அணைத்துவிடுங்கள். டேபிள் ஃபேன் மைக்கில் நேராக அடித்தால் எல்லாமே காற்றிரைச்சல்தான். சீலிங் ஃபேனைக் குறைந்த வேகத்தில் ஓடவிடலாம். அறையில் இருவர் குறட்டை விட்டால் பதிவு பயன்படாது. அன்று ஒருவர் கூடத்தில் படுக்கட்டும்.

காலையில் எட்டு மணி நேரப் பதிவையும் கேட்க வேண்டியதில்லை. விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தை, பத்து மணிக்குப் படுப்பவரானால் சுமார் 3 முதல் 5 மணி வரை, எடுத்துக்கொள்ளுங்கள். கனவுத் தூக்கம் அதிகம் வருவது அப்போதுதான். அதில் தசைகள் மிகவும் தளர்வதால் அடைப்பும் கூடும். இரவு 11 மணிக்கு எட்டிப்பார்த்துவிட்டு "நல்லாத்தானே தூங்குறார்" என்று முடிவு செய்வது இங்கேதான் தவறுகிறது. ஒலி அலையைத் திரையில் பெரிதாக்கினால், தட்டையான கோடும் அதையடுத்து ஒரு கூர்மேடும் மாறி மாறி வருவது கண்ணுக்கே தெரியும். தட்டையான பகுதிகளை ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து, 10 நொடி தாண்டியவற்றை மட்டும் எண்ணுங்கள்.

நேரில் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. ஒரே ஒரு விடியற்காலையில் 20 நிமிடம் உட்கார்ந்து நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள். சத்தம் நின்ற பின்னும் நெஞ்சு உள்வாங்க, வயிறு மேலெழும்பி, இரண்டும் ஏற்றப்பலகைபோல எதிரெதிராக ஆடினால் தொண்டையில் அடைப்பு. நெஞ்சும் வயிறும் அசையாமலே மூச்சு நின்றால் அது வேறு வகை: மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளையே வரவில்லை. இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடமும், மார்ஃபின் (அபின் சார்ந்த மருந்து) வகை வலிமாத்திரை எடுப்பவர்களிடமும் இதைப் பார்க்கலாம். மருத்துவரிடம் இந்த வேறுபாட்டை அவசியம் சொல்லுங்கள். மனதுக்குள் எண்ணாதீர்கள், பதற்றத்தில் 6 நொடியே 10 ஆகிவிடும். பயமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும், பலருக்கு அடைப்பு உடனே குறையும். அப்படிக் குறைந்தால் அதையும் எழுதுங்கள்.

மது குடித்த இரவைத் தனியாகக் குறியுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசையைக் கூடுதலாகத் தளர்த்தும். கல்யாண வீட்டிலிருந்து வந்த இரவை மட்டும் பதிவு செய்தால் நிலைமை இருப்பதைவிட மோசமாகத் தெரியும். குடிக்காத மூன்று இரவுகளாவது வேண்டும்.

காலையில் தெரிபவை

வாய் வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு எழுவதை "உடம்புச் சூடு" என்பார்கள். தலைவலி என்றால் தலையில் நீர் கோத்துக்கொண்டது என்று ஆவி பிடிப்பார்கள். ஆப்னியாவால் வரும் தலைவலிக்கு அடையாளம் உண்டு: எழும்போதே இருக்கும், இரு பக்கமும் அழுத்தும், குமட்டல் இருக்காது, எழுந்து நடமாடினால் நான்கு மணி நேரத்துக்குள் தானாகவே போய்விடும். ஒற்றைத் தலைவலியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரவில் இரண்டு முறைக்கு மேல் சிறுநீர் கழிக்க எழுந்தால் சர்க்கரை, புராஸ்டேட் என்று இரண்டைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். மூன்றாவது காரணம் ஆப்னியா. அடைத்த தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்கும்போது உள்ளே அழுத்தம் வெகுவாகக் குறைந்து, இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் கூடிவிட்டதாக எண்ணும் இதயம் அதை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கிறது. பிரித்தறிய ஒரு வழி: புராஸ்டேட் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக, தயங்கித் தயங்கி வரும், சர்க்கரை என்றால் பகலிலும் அடிக்கடி போகும், ஆப்னியாவில் பகலில் தொல்லை இருக்காது, இரவில் ஒவ்வொரு முறையும் நிறையப் போகும். இது ஊகம்தான். சர்க்கரைப் பரிசோதனையைத் தவிர்க்க இதைச் சாக்காக்க வேண்டாம்.

மூச்சுத் திணறி எழுவதை அமுக்குவான் பேய் என்று சொல்லிவிடுவதும் நம்மிடம் உண்டு. அமுக்குவானில் கண் திறந்திருக்கும், கை கால் அசையாது. ஆப்னியாவில் உடம்பு துள்ளி எழும், இரண்டு மூச்சில் சரியாகிவிடும். எழுந்து உட்கார்ந்தும் பத்து நிமிடத்துக்கு மேல் மூச்சு வாங்கினால், கால் வீக்கமும் இருந்தால், இதயத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது.

பிபியைக் காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பின், மாத்திரைக்கும் காபிக்கும் முன், ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். சாதாரணமாகத் தூக்கத்தில் இறங்க வேண்டிய பிபி ஆப்னியா உள்ள பலருக்கு இறங்குவதில்லை. நீர்பிரியும் மாத்திரை உட்பட மூன்று மருந்து எடுத்தும் கட்டுப்படாத பிபி என்றால், வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் ஆப்னியாவைத் தேட அதுவே போதிய காரணம்.

எண்களாக மாற்றுதல்

பகல் தூக்கத்தை அளக்க எப்வொர்த் அளவுகோல் இருக்கிறது. மெல்போர்னில் முர்ரே ஜான்ஸ் உருவாக்கி 1991-ல் வெளியிட்டது. உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, கூட்டத்திலோ அரங்கிலோ சும்மா இருக்கும்போது, ஒரு மணி நேரம் காரில் பயணியாகப் போகும்போது, பிற்பகலில் படுத்தால், ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, மதுவில்லாத மதிய உணவுக்குப் பின் அமைதியாக இருக்கும்போது, சிக்னலில் கார் நிற்கும்போது என எட்டு நிலைகள். ஒவ்வொன்றிலும் கண் சொக்க எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை போட வேண்டும். கூட்டுத்தொகை 10-ஐத் தாண்டினால் பகல் தூக்கம் அதிகம். மதியம் படுத்தால் தூக்கம் வருவது நம் ஊரில் பெரிய செய்தி இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதும் சிக்னலிலும் சொக்குவதுதான் செய்தி. தாளை இரண்டு பிரதி எடுத்து ஒன்றை மனைவியோ கணவரோ நிரப்பட்டும். தன் தூக்கத்தைக் குறைத்துச் சொல்வது மனித இயல்பு. குறைந்த மதிப்பெண் வந்தால் நோய் இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. கடுமையான ஆப்னியா இருந்தும் தூக்கக் கலக்கமே தெரியாதவர்கள் உண்டு.

அடுத்தது ஸ்டாப்-பேங் என்ற கேள்விப் பட்டியல். மயக்க மருந்து நிபுணர்கள் அறுவை சிகிச்சைக்கு முன் கேட்பதற்காக டொராண்டோவில் உருவானது. சத்தமான குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, உயர் ரத்த அழுத்தம், பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆண் என எட்டுக் கேள்விகள், ஆமாம் என்றால் ஒரு புள்ளி. 3 வந்தால் நடுத்தர வாய்ப்பு, 5 வந்தால் அதிக வாய்ப்பு. கழுத்தை நின்றபடி, நேரே பார்த்து, குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே அளக்க வேண்டும். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. பிஎம்ஐ 35 என்பதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். இந்தியர்களுக்கு 25-லிருந்தே உடல் பருமன் என்றுதான் கணக்கு. தாடை சிறுத்துப் பின்வாங்கியிருந்தால் ஒல்லியானவருக்கும் அடைப்பு வரும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை வைத்து முடிவு செய்பவர்களுக்கு: அது அந்த நொடியின் எண்ணை மட்டும் காட்டும், சேமிக்காது. நுரையீரலில் நடந்தது விரலுக்கு வந்துசேர நேரமாகும் என்பதால், மூச்சு திரும்பிய பிறகே எண் இறங்கும். கறுத்த தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூட்டியும் காட்டக்கூடும். ஆப்பிள், சாம்சங் கைக்கடிகாரங்களின் ஆப்னியா எச்சரிக்கைக்கு 2024-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி தந்தது. எச்சரிக்கை வந்தால் மருத்துவரைப் பாருங்கள். வராததை நல்ல சேதியாக எடுக்காதீர்கள்.

கண்ணில் படாமல் போகிறவர்கள்

பெண்கள் "குறட்டை" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தூக்கம் வரவில்லை, அசதி, எரிச்சல், தலைவலி என்று வந்து, மனச்சோர்வுக்கோ தைராய்டுக்கோ மாத்திரை வாங்கிப் போவார்கள். மாதவிடாய் நின்ற பிறகு ஆபத்து வெகுவாக ஏறுகிறது. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ள இளம்பெண்களுக்கும் உண்டு.

குழந்தைகளின் கதை முற்றிலும் வேறு. டான்சிலும் அடினாய்டும் (மூக்கின் பின்புறச் சதை) வீங்கி அடைக்கும். வாய் திறந்தே தூங்குவது, கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுப்பது, தலையணை நனைய வியர்ப்பது, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புவது, பகலில் தூங்காமல் துறுதுறுவென்று அடங்காமல் இருப்பது ஆகியவை அடையாளங்கள். வாரத்தில் மூன்று இரவு குறட்டை விடும் குழந்தையைக் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது

இவ்வளவையும் ஒரே தாளில் எழுதுங்கள்: எண்ணிய நிறுத்தங்கள், அவற்றில் நீண்டது எத்தனை நொடி, எப்வொர்த் இரண்டு மதிப்பெண், ஸ்டாப்-பேங், கழுத்தளவு, ஏழு காலைப் பிபி, எடுக்கும் மருந்துகள். போனில் இரண்டு நிமிடத் துண்டு ஒன்று போதும். நுரையீரல் மருத்துவரோ காது-மூக்கு-தொண்டை மருத்துவரோ பார்த்துத் தூக்க ஆய்வுக்கு எழுதுவார். மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற எண்ணே முடிவு: பெரியவர்களுக்கு 5-க்குக் கீழ் இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. வீட்டில் கொடுத்தனுப்பும் சிறு கருவி மூளை அலையைப் பதிவதில்லை. விழித்திருந்த நேரத்தையும் சேர்த்து வகுப்பதால் எண் குறைந்து வரலாம். அறிகுறி பலமாக இருந்து அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால், ஆய்வகத்தில் ஓரிரவு தங்கிப் பார்க்கக் கேளுங்கள்.

முடிவு வரும்வரை, வண்டி ஓட்டும்போது ஒருமுறையாவது கண் அசந்தவர் ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம். அறுவை சிகிச்சை ஏதாவது குறித்திருந்தால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள். முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தந்து மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சிபேப் கருவியை ஆன்லைனில் தானே வாங்கி மாட்டுவது வேண்டாம். அழுத்த அளவு ஆளுக்கு ஆள் மாறும்.

ஆய்வகத்துக்குப் போகும் நாளில் மதியம் தூங்காதீர்கள், பிற்பகலுக்கு மேல் காபி டீ வேண்டாம். தலைக்குக் குளித்துவிட்டுப் போங்கள், எண்ணெய் தடவாதீர்கள். எண்ணெய்த் தலையில் மின்முனைகள் ஒட்டாமல் நடுராத்திரியில் கழன்றுவிடும். ஒரு விரலிலாவது நெயில் பாலிஷோ மருதாணியோ இல்லாமல் இருக்கட்டும். வழக்கமாகத் தலைக்கு வைக்கும் தலையணையையே எடுத்துச் செல்லுங்கள்.