என்டர் தட்டுவதற்கு முன்: லினக்ஸில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸின் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் ஜன்னலில், சூடோ என்று ஆரம்பிக்கும் ஒரு கட்டளையைக் கொடுக்கிறீர்கள். பாஸ்வேர்ட் கேட்கிறது. தட்டுகிறீர்கள். திரையில் புள்ளி இல்லை, நட்சத்திரக் குறி இல்லை, கர்சர்கூட நகரவில்லை. கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைத்து அங்கேயே மூடிவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர். பாஸ்வேர்டில் எத்தனை எழுத்து என்பதுகூடப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக்கூடாது என்றுதான் பல டிஸ்ட்ரோக்களில், அதாவது லினக்ஸின் வகைகளில், அப்படி வைத்திருக்கிறார்கள். முழுவதும் தட்டிவிட்டு என்டர் கொடுத்தால் போதும்.

புதியவர்களுக்கு உதவி செய்து பார்த்ததில் ஒன்று எனக்கு உறுதியாகத் தெரியும். அவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களில் பெரும்பாலானவை கஷ்டமான இடங்களே அல்ல. லினக்ஸ் திரையில் ஒரு வரி எழுதிக் காட்டுகிறது. அதைப் படிக்காமல் அடுத்த கட்டளைக்குத் தாவிவிடுகிறார்கள். அங்கிருந்துதான் சிக்கல் வளர்கிறது.

அனுமதி இல்லை என்று சொல்லும் 'பெர்மிஷன் டினைட்' என்ற செய்தியையே எடுத்துக்கொள்வோம். அது வந்ததும் முன்னால் சூடோ சேர்த்து ஓட்டிப் பார்க்கிறோம், வேலை நடந்துவிடுகிறது. அடுத்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் சூடோ. சூடோ என்றால் அந்த ஒரு வேலையை ரூட்டாக, அதாவது தடுக்க ஆளில்லாத அதிகாரத்தோடு செய்வது. எடிட்டரை அப்படித் திறந்து உங்கள் சொந்த ஃபோல்டரான ஹோமிலேயே ஒரு புது ஃபைலைச் சேமித்தால் அந்த ஃபைலுக்கு உரிமையாளர் நீங்கள் அல்ல, ரூட். மறுநாள் சாதாரணமாகத் திறந்து திருத்தினால் சேமிக்க விடாது. அப்போது மறுபடியும் சூடோ. இப்படி ஒரு முடிச்சை அவிழ்க்கப் போய் இன்னொன்றைப் போட்டுக்கொண்டே இருப்போம்.

இதன் கடைசிப் படி, அனுமதிகளை மாற்றும் கட்டளையான சிஎச்மாட் 777. ஃபைலின் உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்று மூன்று தரப்புக்கு மூன்று இலக்கம். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. ஆக 777 என்பது எல்லோருக்கும் எல்லா உரிமையும். ஆரம்ப காலத்தில் நானும் ஒரு ஃபோல்டர் திறக்கவில்லை என்ற கோபத்தில், எங்கே நிற்கிறேன் என்று பார்க்காமல், மொத்த சிஸ்டத்துக்கும் இதைக் கொடுத்தேன். அடுத்த நிமிடம் சூடோவே ஓட மறுத்தது. சூடோ ஃபைலில் செட்யூஐடி என்று ஒரு சிறப்பு அனுமதி உண்டு. அதை வைத்துத்தான் அது ரூட்டாக மாறுகிறது. 777 அதைத் துடைத்துவிட்டது. சரிசெய்ய எனக்கு சூடோ தேவை, சூடோ ஓட அனுமதி தேவை. கடைசியில் திரும்ப இன்ஸ்டால்தான் செய்தேன். அன்று முதலில் எல்எஸ் மைனஸ் எல் கொடுத்து அந்த ஃபோல்டர் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்திருந்தால், உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் என்ற ஒரே கட்டளையில் முடிந்திருக்கும்.

எங்கோ கண்ட கட்டளையை அப்படியே ஒட்டி ஓட்டுவதும் இதே குணம்தான். அது எந்த டிஸ்ட்ரோவுக்கு, எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். மென்பொருளை நிறுவவும் நீக்கவும் பயன்படும் ஏபிடி உபுண்டுவிலும் டெபியனிலும் ஓடும், ஃபெடோராவில் டிஎன்எஃப், ஆர்ச்சில் பேக்மேன். கேட்காமலே அழித்துவிடும் ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் என்று இருந்தால் இடைவெளியைக்கூட எண்ணிப் பாருங்கள். 2011-ல் பம்பிள்பீ என்ற திட்டத்தின் இன்ஸ்டால் ஸ்கிரிப்டில், யுஎஸ்ஆர் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரே ஒரு இடைவெளி தவறுதலாக விழுந்திருந்தது. அதனால் உள்ளே இருந்த ஒரு துணை ஃபோல்டருக்குப் பதில், சிஸ்டத்தின் மென்பொருள்கள் இருக்கும் யுஎஸ்ஆர் ஃபோல்டரையே அழிக்கச் சொல்லும் கட்டளையாக அது மாறியது. எழுதியவர்கள் அனுபவசாலிகள். அவர்களுக்கே நேர்ந்தது என்றால் நாம் இரண்டு தடவை படிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டளையின் பெயருக்கு முன்னால் மேன் என்று தட்டினால் விளக்கம் வரும், வெளியேற க்யூ.

ஏபிடி எதையாவது நீக்கப்போகிறது என்றால் பட்டியல் போட்டுக் காட்டிவிட்டுத்தான் கேட்கும். அந்தப் பட்டியலில் உங்கள் டெஸ்க்டாப்பின், அதாவது மெனுவும் ஜன்னல்களும் தரும் மென்பொருளின், பெயர் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சிஸ்டத்துக்கு இன்றியமையாத ஒன்றை நீக்க நேர்ந்தால் வெறும் ஒய் போதாது, பழைய ஏபிடி ஒரு முழு வாக்கியத்தையே தட்டச் சொல்லும், புதியது நீக்கவே மறுத்துவிடும். அப்படி நடக்கிறது என்றாலே ஏதோ தவறு நடக்கப்போகிறது.

மென்பொருளைத் தளம் தளமாகத் தேடி இறக்குவது விண்டோஸ் பழக்கம். லினக்ஸில் முதலில் டிஸ்ட்ரோவின் களஞ்சியத்தில் தேடுங்கள். அதில் இருப்பவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி கட்டப்பட்டவை, அப்டேட்டும் தானாக வரும். வெளிக் களஞ்சியங்களைக் கண்டபடி சேர்த்தால் அடுத்த பெரிய அப்கிரேடில் இடிக்கும். டெபியன்காரர்கள் இப்படிக் கலந்து கட்டியதற்கு ஃப்ராங்கன்டெபியன் என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

வாரம் ஒரு டிஸ்ட்ரோ மாற்றுவதை விட்டுவிடுங்கள். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கெர்னல், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதிதான் எல்லாவற்றிலும் உள்ளே இருக்கிறது. மாறுவது ஏபிடி போன்ற பேக்கேஜ் மேனேஜர், டெஸ்க்டாப், புதுப் பதிப்பு வரும் வேகம். உபுண்டுவின் எல்டிஎஸ், அதாவது நீண்ட கால ஆதரவுப் பதிப்பு 2 ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது, 5 ஆண்டு அப்டேட் கிடைக்கும். இடையில் வருபவைக்கு 9 மாதம்தான். புதியவருக்கு எல்டிஎஸ் அல்லது அதன்மேல் கட்டப்பட்ட மின்ட் என்பதே என் பரிந்துரை.

விண்டோஸோடு சேர்த்துப் போடுகிறவர்கள் பேக்கப் எடுக்காமல் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்கின் பிரிவுகளைத் தொடவே வேண்டாம். டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்பு எண் கையில் இருக்கட்டும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை, அந்த டிரைவை லினக்ஸில் திறந்தால் படிக்க மட்டுமே விடும், எழுத விடாது. இதற்கெல்லாம் முன்னால் இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே லைவாக ஓட்டி வைஃபை, ஒலி, டச்பேட் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

மாட்டிக்கொண்டு உதவி கேட்கும்போது 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த டிஸ்ட்ரோ, எந்தப் பதிப்பு, என்ன கட்டளை கொடுத்தீர்கள், என்ன பிழை வந்தது என்று எழுதுங்கள். பிழைச் செய்தியை முதல் வரியிலிருந்து அப்படியே ஒட்டுங்கள். டெர்மினலில் காப்பி எடுக்க கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றும் சேர வேண்டும். ஷிஃப்ட் இல்லாமல் அழுத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் வேலை நின்றுவிடும்.