குவாண்டம் டாட்டில் பம்ப்-புரோப் எடுக்கிறீர்களா? முதலில் பம்ப்பைக் குறையுங்கள்

காட்மியம் செலினைடு குவாண்டம் டாட் (சில நானோமீட்டர் அளவுள்ள குறைக்கடத்தித் துகள்) கரைசலில் முதன்முறையாக டிரான்சியன்ட் அப்சார்ப்ஷன் எடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். இதில் பம்ப் என்ற ஒளித்துடிப்பு டாட்களைக் கிளர்த்தும், சற்றுத் தாமதித்து வரும் புரோப் என்ற துடிப்பு அவற்றின் உறிஞ்சல் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளக்கும். 800 நானோமீட்டர் லேசர், பிபிஓ படிகத்தில் 400 ஆக்கிய பம்ப், சஃபையர் தகட்டில் உண்டாக்கிய வெள்ளை ஒளி புரோப் என்ற வழக்கமான அமைப்புதான் உங்களிடமும் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு துடிப்புகளுக்கும் இடையிலான நேரத்தைத் தருவது டிலே ஸ்டேஜ், அதாவது கண்ணாடிகளைச் சுமந்து நகரும் மேடை. அது 0.15 மி.மீ. நகர்ந்தால் ஒளி போய்த் திரும்பும் பாதை 0.3 மி.மீ. கூடும், அதாவது 1 பிகோ நொடி. ஸ்டேஜை முழு நீளத்துக்கும் ஓட்டி, மாதிரி இருக்கும் இடத்தில் ஒளிப்புள்ளி அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் சிக்னல் சும்மாவே குறைவதுபோலத் தெரியும், அதைச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம். புரோப் புள்ளி பம்ப் புள்ளிக்குள் அடங்கியிருக்க வேண்டும்.

அப்புறம் பம்ப் சக்தி. எல்லாரும் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் சக்தியைக் கூட்டினால் சிக்னல் அழகாக வரும், குறைத்தால் இரைச்சல்தான் தெரியும், அதனால் கை தானாகக் கூட்டவே போகும். ஆனால் ஒரே டாட்டில் இரண்டு எக்ஸைட்டான் (ஒளி உண்டாக்கும் எலக்ட்ரான்-துளை இணை) உருவானால், ஒன்று தன் ஆற்றலை மற்றதற்குக் கொடுத்துவிட்டு மறையும் ஓஷே மறுசேர்க்கை பத்து, நூறு பிகோ நொடிகளில் ஒன்றைக் கொன்றுவிடும். ஒற்றை எக்ஸைட்டானோ நல்ல டாட்டில் பல நானோ நொடிகள் இருக்கும். டாட் ஒன்றுக்குச் சராசரி 1 ஃபோட்டான் உறிஞ்சப்பட்டால், கிளர்ந்த டாட்களில் ஏறக்குறைய 42 சதவீதத்தில் இரண்டோ அதற்கு மேலோ எக்ஸைட்டான்கள் இருக்கும், சராசரியை 0.1 ஆகக் குறைத்தால் அது 5 சதவீதம்தான்.

ஆகவே நான்கைந்து சக்திகளில் எடுங்கள். நீண்ட நேரத்து வால்பகுதியில் வளைவுகளைப் பொருத்தி ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். சக்தியோடு சேர்ந்து வளரும் வேகமான பகுதி ஓஷே. எவ்வளவு குறைத்தாலும் போகாமல் நிற்பதுதான் மேற்பரப்புப் பொறியாக (டாட்டின் மேற்பரப்புக் குறைபாட்டில் எலக்ட்ரானோ துளையோ மாட்டிக்கொள்வது) இருக்கலாம். கரைசலைக் கலக்கியதும் அது மறைந்தால் பொறி இல்லை, டாட்களில் மின்னேற்றம் தங்கியிருக்கிறது, அதனால் சின்னக் காந்தக் கலக்கி ஒன்று எப்போதும் ஓடட்டும்.

வெள்ளை ஒளியில் சிவப்பு முன்னாலும் நீலம் பின்னாலும் வரும். அதே சக்தியில் வெறும் கரைப்பானை மட்டும் வைத்து ஒரு ஸ்கேன் எடுத்தால் ஒவ்வொரு அலைநீளத்துக்கும் பூஜ்ய நேரம் கிடைத்துவிடும். இதைத் திருத்தாமல் முதல் ஒரு பிகோ நொடிக்குள் நடக்கும் சூடான எலக்ட்ரான் தணிவைப் (கூடுதல் ஆற்றலை எலக்ட்ரான் இழப்பதை) பற்றிப் பேசவே முடியாது.

முடித்ததும் மறுபடி உறிஞ்சல் நிறமாலை எடுங்கள். முதல் உச்சி நகர்ந்திருந்தால் டாட்கள் மாறிவிட்டன என்று அர்த்தம், புதிய கரைசலில் மறுபடி ஆரம்பியுங்கள்.