டிவிடி பர்னர் வாங்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் கல்யாண டிவிடி, காவடி டிவிடி என்று நாலைந்து கிடக்கும். புது லேப்டாப்பிலோ அதைப் போட வழியே இல்லை. சரி, டிவிடியைப் படிக்கவும் பதியவும் செய்யும் ஒரு பர்னர் வாங்கிவிடலாம் என்றுதான் தோன்றும்.

பழைய டிவிடிகளைக் கணினியில் ஏற்றிக்கொள்ள மட்டும்தான் என்றால் வாங்காதீர்கள். சொந்தக்காரர் யாரிடமாவது இரவல் வாங்கி வேலையை முடித்துவிடலாம். படங்களைச் சேமித்து வைக்கவும் அது வேண்டாம். ஒரு சாதாரண டிவிடியில் 4.7 ஜிபிதான் பிடிக்கும்; 64 ஜிபி பென்டிரைவ் ஒன்றிலேயே 13 டிவிடி அடங்கிவிடும்.

பாட்டி வீட்டில் பழைய டிவிடி பிளேயர்தான், அவருக்கு அடிக்கடி வீடியோ பதிந்து கொடுக்கவேண்டும் என்றால் விஷயம் வேறு. அப்போது யுஎஸ்பியில் செருகும் மெல்லிய வகையை வாங்குங்கள். பெட்டியில் 'ரைட்டர்' என்று இருக்கிறதா பாருங்கள். படிக்க மட்டும் தெரிந்தவையும் விற்கிறார்கள். போனில் எடுத்த வீடியோவை அப்படியே பதிந்தால் பழைய பிளேயர் பல நேரம் திருதிருவென விழிக்கும். 'டிவிடி வீடியோ' வடிவத்துக்கு மாற்றித்தான் பதியவேண்டும்.

பதியும்போது லேப்டாப் பேட்டரியில் சார்ஜ் இருக்கட்டும். நடுவில் கரண்ட் போனால் அந்த டிஸ்க் குப்பைதான்.

அப்புறம் ஒன்று: கடையில் விற்கும் பட டிவிடிகள் பலவற்றை, எந்த நாட்டுப் பக்கம் ஓடவேண்டும் என்று மண்டல எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்கா மண்டலம் 2, இந்தியா 5. டிரைவில் மண்டலத்தை மொத்தமே 5 முறைதான் மாற்றமுடியும். இந்தியாவிலிருந்து வந்த டிஸ்க்கைப் போட்டதும் மண்டலத்தை மாற்றவா என்று கணினி கேட்டால், அவசரப்பட்டு 'ஓகே' அழுத்தாதீர்கள்.