வழுவழுப் பாறையில் கால் நிற்க: ராக்லண்ட்ஸ் போல்டரிங், முதல் பாடம்

கயிறு கிடையாது, கொக்கி கிடையாது. மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் ஒரு பாறை, காலில் இறுக்கமான ரப்பர் ஷூ, கீழே ஒரு மெத்தை. போல்டரிங்குக்கு இவ்வளவு போதும். தென்னாப்பிரிக்காவில் இதற்குப் பேர்போன இடம் சீடர்பெர்க் மலையின் வடகோடியில் இருக்கும் ராக்லண்ட்ஸ். கேப் டவுனிலிருந்து என்7 சாலையில் வடக்கே சுமார் 230 கிலோமீட்டர் போனால் கிளான்வில்லியம் ஊர். அங்கிருந்து ஆர்364 சாலை பாக்ஹெய்ஸ் கணவாயில் ஏறும்போது, இரு பக்கமும் செம்மணற்கல் பாறைகள் கொட்டிவைத்த மாதிரிக் கிடக்கும்.

எப்போது போவது என்பதில்தான் டர்பன்காரர்கள் ஏமாறுவார்கள். டர்பனில் நமக்குக் குளிர்காலம் காய்ந்த காலம். மேற்குக் கேப்பில் மழையே குளிர்காலத்தில்தான் வரும். இருந்தாலும் ஏற ஏற்ற மாதங்கள் அந்தக் குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும், கை வேர்த்தால் வழுவழுப் பாறையில் பிடியே நிற்காது. அதனால் நாலு நாள் பயணம் என்றால் ஒரு நாளை மழைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

மழை விட்டதும் பாறை மேலே காய்ந்ததாகத் தெரியும். நம்பாதீர்கள். மணற்கல் தண்ணீரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், ஈரமாக இருக்கும்வரை அதன் பலம் குறைவு. விளிம்புப் பிடி ஒன்று உடைந்தால் விழுவது நீங்கள், நிரந்தரமாகப் போவது பாறையின் தோல். வெளித்தோல் கெட்டியாகவும் உட்புறம் பொடிந்துவிடும் மணலாகவும் இருக்கிற இடங்கள் உண்டு. பாறைக்குக் கீழே மண்ணை விரலால் நோண்டிப் பாருங்கள். இரண்டு அங்குல ஆழத்தில் ஈரம் தட்டினால் அன்றைக்கு ஏற்றம் இல்லை.

முதல் வேலை அனுமதி

சீடர்பெர்க் காட்டுப்பகுதி 1973 முதல் பாதுகாக்கப்பட்டது. 2004 முதல் கேப் தாவரப் பகுதி என்ற உலக மரபுச் சொத்தின் பாகமும்கூட. மேற்குக் கேப்பின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான கேப்நேச்சர் நிறுவனத்தின் நிலத்தில் ஏற அதன் அனுமதிச் சீட்டு வேண்டும். சில பாறைகள் தனியார் பண்ணைகளில் இருக்கின்றன, அங்கே பண்ணைக்காரரிடம் தனியாகக் கேட்க வேண்டும். எந்தப் பாறை யார் நிலம் என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். சீட்டில் உள்ள நிபந்தனைகளையும் முழுக்கப் படியுங்கள், முக்கியமாகத் தீ மூட்டுவது பற்றி.

இந்தப் பாறைகளில் இம்மண்ணின் பழங்குடிகளான சான் மக்கள் தீட்டிய ஓவியங்கள் உண்டு. செவில்லா பாதையில் நடந்தால் பல இடங்களில் பார்க்கலாம். ஓவியம் தெரிகிற பாறையில் ஏறவே கூடாது, பக்கத்தில் கையில் பூசும் பொடியும் தட்டக் கூடாது. நிறம் தெளிவாகத் தெரியட்டும் என்று தண்ணீர் தெளிப்பது பழைய கெட்ட பழக்கம். அதிலேயே ஓவியம் அழியும். 1999-ஆம் ஆண்டு தேசிய மரபுச் சொத்துச் சட்டப்படி ஓவியத்தைச் சேதப்படுத்துவது குற்றம்.

என்னென்ன வேண்டும்

ஷூ: கால்விரல் முனையைத் தொட வேண்டும், வலிக்கக் கூடாது. கொக்கிபோல வளைந்த ஷூ வேண்டாம். தட்டையான, மெத்தென்ற அடிப்பாகம்தான் வழுவழுப் பாறையில் ஒட்டும்.

மெத்தை: விரித்தால் ஏறத்தாழ 100 க்கு 130 செ.மீ., தடிமன் 10 செ.மீ. கெட்டி நுரை உள்ள பக்கம் மேலே இருக்கட்டும். இரண்டு பேருக்குக் குறைந்தது இரண்டு மெத்தை, மூன்று இருந்தால் நல்லது. விமானத்தில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

பொடி: மெக்னீசியம் கார்பனேட். விபூதி பூசுகிற அளவுக்குப் போதும். அப்பிக்கொண்டால் கைக்கும் பாறைக்கும் நடுவே அதுவே உருண்டு வழுக்கும்.

கூடவே ஒரு மென்மையான பிரஷ், ஷூ துடைக்கக் கம்பளத் துண்டு ஒன்று, விரலுக்குப் பிளாஸ்திரி, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். எண்ணெய்ப் பலகாரத்தை ஏறி முடித்த பிறகு தின்னுங்கள். வடை தின்ற கையால் தொட்ட பிடி அடுத்தவருக்கும் வழுக்கும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, வேர்வையைத் துடைக்கிறேன் என்று அடிக்கடி நெற்றியைத் தொடுவதும் அதே கதைதான்.

ஏறும் முன்

பாறையைச் சுற்றி ஒரு முறை நடங்கள். எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் ஏறாதீர்கள். உச்சியில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களில் பெரும்பாலோர் இதை விட்டவர்கள்தான். புதர் ஓரத்திலும் கல் இடுக்கிலும் விரியன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெத்தையை விரியுங்கள். குளிர்கால வெயிலில் அது அசையாமல் படுத்திருக்கும்.

இரண்டு மெத்தைக்கு நடுவே இடைவெளி விடாதீர்கள், கணுக்கால் சுளுக்குவது அந்த இடைவெளியில்தான். கீழே நிற்கும் ஸ்பாட்டர் விழுபவரைத் தாங்கிப் பிடிக்கப் பார்க்கக் கூடாது. இரு கையையும் நீட்டி, கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒட்டி வைத்து, விழுபவரின் இடுப்பை மெத்தைப் பக்கம் திருப்பிவிட்டால் போதும். தலை தரையில் மோதாமல் பார்ப்பதுதான் அவர் வேலை.

முதல் பதினைந்து நிமிடம் விழப் பழகுங்கள். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து குதித்து, இரு காலும் ஒன்றாகப் படும்போது முழங்காலை மடக்கி அப்படியே பின்னால் உருளுங்கள். கைகள் மார்போடு இருக்கட்டும். பின்னால் கை ஊன்றினால் மணிக்கட்டு உடையும்.

காலில்தான் எல்லாம்

ஏற்றம் எவ்வளவு கடினம் என்று எண்ணில் சொல்லும் ஃபாண்டன்ப்ளோ அளவையில் 3, 4 என்று எளிதாகக் குறிக்கப்பட்ட, சாய்ந்து படுத்த பாறை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஷூ அடியைக் கம்பளத்தில் துடைத்து, உள்ளங்கையால் கீச்சென்று சத்தம் வரும்வரை தேயுங்கள். மணல் துகள் நாலு ஒட்டியிருந்தாலே வழுக்கும்.

வழுவழுப் பாறையில் காலுக்குப் படி கிடையாது. பெருவிரல் பக்கத்து அடியைப் பரவலாகப் பதித்து, குதிகாலைத் தாழ்த்துங்கள். குதிகால் உயர்ந்தால் பாறையைத் தொடும் ரப்பர் குறையும், கெண்டைக்கால் வேறு தையல் மெஷின்போல நடுங்கத் தொடங்கும். கால் பதியும்வரை அதையே பாருங்கள். பதித்த பின் திருகாதீர்கள்.

பயத்தில் எல்லோரும் செய்வது, பாறையைக் கட்டிப்பிடிப்பது. அப்போது எடை காலைப் பாறைக்குள் அழுத்தாமல், பாறையோடு கீழ்நோக்கித் தள்ளும், கால் வழுக்கும். இடுப்பை வெளியே நகர்த்திப் பாதத்துக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள். நம்புவதற்குக் கஷ்டம்தான். அதனால் கையால் எதையும் பற்றாமல், உள்ளங்கையை மட்டும் வைத்துக்கொண்டு, அரை அடி அரை அடியாக ஏறி இறங்குங்கள். பத்து முறை செய்தால் பயம் பாதி இறங்கிவிடும்.

கை

விளிம்பில்லாத உருண்டைப் பிடிக்கு ஸ்லோப்பர் என்று பெயர். விரலை மடக்கிக் கிள்ளாதீர்கள். ஐந்து விரலும் சேர்ந்து கை முழுதும் படியட்டும், மணிக்கட்டு தாழ்ந்திருக்கட்டும். உடல் பிடிக்குக் கீழே தொங்கும்வரை அது தாங்கும். உடல் உயர உயர இழுப்பு வெளிப்பக்கம் திரும்பும், கை நழுவும். எனவே கீழேயே இருந்துகொண்டு காலை முதலில் ஏற்றுங்கள், பிறகு அடுத்த பிடிக்குத் தாமதிக்காமல் போங்கள்.

உச்சி விளிம்பில் இழுப்பதை விட்டு அழுத்த வேண்டும். உள்ளங்கையை ஊன்றி முழங்கையை நிமிர்த்துங்கள், பிறகு பாதத்தைக் கைக்குப் பக்கத்தில் வையுங்கள். முழங்காலை வைத்தால் எழுந்திருக்க வழியில்லாமல் அங்கேயே மண்டியிட்டு நிற்பீர்கள்.

மூன்று முயற்சிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் ஓய்வு. விரல்நுனி சிவந்து ஈரம் கசிந்தால் அன்றைய கணக்கு முடிந்தது. ஒரு விசித்திரம்: கடுங்குளிரில் தோல் கண்ணாடிபோல உலர்ந்தாலும் வழுக்கும். கையை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு ஏறுங்கள்.

கைபேசித் தொடர்பு எல்லா இடத்திலும் கிடைக்காது. எங்கே சிக்னல் கோடு தெரிகிறது என்று போகும்போதே பார்த்துவையுங்கள். அவசர எண் 112.

கிளம்பும் முன் உங்கள் பொடித் தடங்களைப் பிரஷால் துடைத்துவிடுங்கள். கம்பி பிரஷ் கூடாது, அது பாறையின் தோலை உரித்துவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம்.