ஸ்காபரோவில் கண் பரிசோதனை: போகமுதல் போனில் கேளுங்கள்

போன வருடம் அம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். ஓஹிப் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி) அட்டை இருக்கிறதே, காசு வராது என்ற நினைப்பு. வெளியே வரும்போது விழித்திரைப் படத்துக்கு 60 டொலர் பில். "அது ஓஹிப்பில் இல்லை, அக்கா" என்றாள் வரவேற்பில் இருந்த பிள்ளை. படத்தை எடுக்கமுதல் சொல்லியிருக்கலாம்!

கண்ணைப் பரிசோதிக்கும் ஒப்டோமெட்ரிஸ்ட்டிடம் போகக் குடும்ப டொக்டரின் கடிதம் தேவையில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று இடம் பார்த்துக்கொண்டு, பெயரை ஒன்ராறியோ ஒப்டோமெட்ரிஸ்ட் கல்லூரியின் (படிக்கும் இடமல்ல, இவர்களுக்கு அனுமதி கொடுக்கும் அமைப்பு) பதிவேட்டில் சரிபாருங்கள். கண்ணாடிக் கடையில் பிரேம் பொருத்துகிற ஒப்டிஷியன் வேறு ஆள்.

அப்புறம் போன். பிறந்த திகதியைச் சொல்லி, "ஓஹிப் கட்டுமா?" என்று கேளுங்கள். 19 வயதுவரை வருடம் ஒருமுறை கட்டும். 65 வயதிலிருந்து மேலே, 2023 செப்டெம்பரிலிருந்து 18 மாதத்துக்கு ஒருமுறை; குளுக்கோமா (கண் அழுத்த நோய்) போன்ற சில வருத்தங்கள் இருந்தால் வருடாவருடம். இடைப்பட்ட வயதுக்காரருக்கு நீரிழிவு இருந்தால் கட்டும். பலருக்கு இது தெரியாது, சும்மா கைக்காசு கொடுக்கிறார்கள். கண்ணாடிக்கு ஓஹிப் கட்டாது.

வேலையிடக் காப்புறுதி என்றால், "எங்கள் கொம்பனிக்கு நேரடியாக பில் அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள். "எல்லாக் காப்புறுதியும் எடுப்போம்" என்ற பதிலை நம்பவேண்டாம். பற்றுச்சீட்டைத் தந்து உங்களையே அனுப்பச் சொல்வதையும் அப்படித்தான் சொல்வார்கள். பெரும்பாலான திட்டங்களில் 24 மாதத்துக்கு ஒருமுறைதான் என்ற கணக்கு உண்டு. கடைசியாக எந்தத் திகதியில் காப்புறுதிக் காசு எடுத்தீர்கள் என்று காப்புறுதிக் கொம்பனியிடமே கேட்டு எழுதிவையுங்கள். எங்கள் வீட்டில் அது பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.